1971 போரில் இறந்த தாத்தாவைப் பற்றி எழுத வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். 1966-ல் சேர்ந்தவர், 1971 டிசம்பர் போரில் பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் இறந்துவிட்டார். அப்போது அம்மாச்சிக்கு 22 வயது, கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. உடல் ஊருக்கு வரவில்லை. முதலில் ஒரு தந்தி வந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி வந்தது. அதில் உடுப்பு, கைக்கடிகாரம், ஒரு குரூப் போட்டோ, அம்மாச்சி யாரையோ எழுதச் சொல்லி அனுப்பிய இன்லாண்ட் கடிதங்கள். தாத்தா எழுதிய கடிதங்களை அம்மாச்சி தனியாக வைத்திருக்கிறார். இதுவரை யாரையும் படிக்க விட்டதில்லையாம்.

வாசகிக்குத் தாத்தாவின் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாக எழுத ஆசை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் நாட்டவும் விருப்பம். ஆனால் மாமா ஒருவர், “முதலில் வழக்குப் போட்டு வீர சக்ரா வாங்கு, அப்புறம் கல் வைக்கலாம்” என்கிறார். இன்னொரு உறவினர், உடலே வராதபோது அவர் பாகிஸ்தான் சிறையில் இருந்திருக்கலாம் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இடையில் ஒரு ஏஜெண்ட், 40,000 ரூபாய் கொடுத்தால் ஐந்து பதக்கமும் பென்ஷன் நிலுவையும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டால் அம்மாச்சியின் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று வீட்டில் பயம். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

படைவீரர் பென்ஷன் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் பதில் சொல்கிறார்:

அன்புள்ள வாசகிக்கு,

தாத்தா எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் நீங்கள் கிளம்பினீர்கள். போகிற வழியில் மாமா ஒரு பதக்கத்தைச் சேர்த்துவிட்டார், ஏஜெண்ட் ஒரு நிலுவைத் தொகையைச் சேர்த்துவிட்டார், ஊர் தன் பங்குக்கு ஒரு சினிமாக் காட்சியைச் சேர்த்துவிட்டது. இப்போது எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடக்கிறது. அதைப் பிரிப்பதுதான் முதல் வேலை. தாத்தாவைப் பற்றிக் காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதை முதலில் வாங்குங்கள். வழக்கா, மனுவா, கல்லா என்பதெல்லாம் அதற்கப்புறம். காகிதம் கைக்கு வந்தால் இந்தக் கேள்விகளில் பாதி தானாகவே விழுந்துவிடும்.

அதில் ஒரு கேள்வி உங்கள் கையில் இருக்கும் காகிதத்திலேயே விழுந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

தந்தியில் இரண்டு தேதிகள் இருக்கின்றன

நீங்கள் அனுப்பிய தந்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆண்டுதோறும் டிசம்பர் 20-ல், மார்கழிப் பிறப்புக்கு அப்புறம், தாத்தாவுக்குப் படையல் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 20 உங்கள் ஊர் தபால் நிலைய முத்திரையில் உள்ள தேதி, அதாவது தந்தி வந்து சேர்ந்த நாள். உள்ளே கையால் எழுதிய ஆங்கில வரியில், எண்ணுக்கும் பெயருக்கும் பிறகு, போரில் கொல்லப்பட்டது 11 டிசம்பர் என்று இருக்கிறது. தாளின் மடிப்பு சரியாக அந்த இடத்தில் விழுந்திருப்பதால் எண் மங்கித் தெரிகிறது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

படையல் நாளை மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அம்மாச்சிக்கு அவர் இறந்தது தந்தி வந்த அன்றுதான். அதை மாற்றச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் புத்தகத்திலும் கல்லிலும் 11 என்றுதான் வர வேண்டும். அது கார்த்திகை மாதம், மார்கழி அல்ல.

இந்த ஒன்பது நாள் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. பரம வீர சக்ரா பெற்ற டாங்கி அதிகாரி அருண் கேத்ரபாலின் டாங்கிக்குப் பக்கத்தில் தாத்தா நின்று சண்டை போட்டு இறந்தார் என்று ஊரில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் செகண்ட் லெப்டினன்ட் கேத்ரபால் இறந்தது டிசம்பர் 16, பசந்தர் ஆற்றுச் சண்டையில். அந்த ஆற்றைக் கடந்து அக்கரையில் கால் ஊன்றியது 15ஆம் தேதி இரவு. 47வது காலாட்படை பிரிகேடைச் சேர்ந்த 16வது மெட்ராஸ் பட்டாலியனும் 3வது கிரெனேடியர்ஸும்தான் அதைச் செய்தன. சரஜ் சக் என்ற இடத்தைப் பிடித்தது 16வது மெட்ராஸ். அதன் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வி.பி. காய் அந்தச் சண்டையில் இறந்தார், அவருக்கு மகா வீர சக்ரா வழங்கப்பட்டது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் பெருமைக்குரிய சண்டைகளில் அது ஒன்று. ஊர்க்காரர்கள் தாத்தாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர் அதற்கு நான்கு நாள் முன்பே இறந்துவிட்டார்.

அப்படியானால் 11ஆம் தேதி அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? 54வது காலாட்படை டிவிஷன் டிசம்பர் 5ஆம் தேதி இரவு ஜம்முவின் சாம்பா பக்கமிருந்து எல்லையைக் கடந்தது. பசந்தர் கரையை எட்டப் பத்து நாள் ஆனது. காரணம், வழியெல்லாம் கண்ணிவெடி வயல்கள். டாங்கிகள் போக என்ஜினியர்கள் பாதை வெட்ட வேண்டும், அதற்குள் காலாட்படை முன்னால் போய் இடத்தைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்க வேண்டும். இரவில் நடை, விடிவதற்குள் பதுங்குகுழி தோண்டல், பகலில் எதிரியின் பீரங்கிக் குண்டுக்குத் தலையைத் தாழ்த்திக் கிடத்தல். பஞ்சாப் சமவெளியின் டிசம்பர் குளிர் வேறு. மானாமதுரைப் பக்கத்து ஆளுக்கு அதுவே ஒரு எதிரி. காலாட்படைச் சிப்பாயின் போர் பெரும்பாலும் இதுதான். அந்தப் பத்து நாளில் இறந்தவர்கள் இல்லாமல் பசந்தரை எட்டியிருக்க முடியாது. தாத்தாவின் கதைக்குக் கேத்ரபாலின் டாங்கி தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பள்ளிப் பிள்ளைகள் படிக்கப் போகிற புத்தகத்தில் தேதி ஒத்துவராத வீரக்கதை இருந்தால், நாளைக்கு ஒரு பையன் இணையத்தில் தேடிவிட்டு வந்து கேட்பான்.

இதெல்லாம் அந்த வட்டாரத்தின் பொதுவான நிலவரம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்கள் அந்தப் போரில் ஒரே இடத்தில் இல்லை. எனவே தாத்தா எந்தப் பட்டாலியன், எந்தக் கம்பெனி என்பது உறுதியாகும் வரை எந்த இடப் பெயரையும் எழுதிவிடாதீர்கள். இப்போதைக்கு உதவக்கூடியது கடிதங்களின் முகவரி. அம்மாச்சி அனுப்பிய இன்லாண்டில் பெயருக்குக் கீழே பட்டாலியன் எண்ணும், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்பதும் இருக்கும். 56 என்பது பெரும்பாலும் மேற்கு, வடக்குப் பகுதிகளுக்கான ராணுவத் தபால், கிழக்குப் பகுதிக்கு 99. கடைசி ஆறு மாதக் கடிதங்களின் உறைகளை மட்டும் வரிசைப்படுத்தினாலே அவர் எப்போது எந்தப் பக்கம் நகர்ந்தார் என்று ஓரளவு பிடிபடும். உறையைப் பார்ப்பதற்கு உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டியதில்லை. அம்மாச்சியிடம் அப்படியே சொல்லிக் கேளுங்கள்.

வெலிங்டனுக்கு ஒரு கடிதம், அம்மாச்சியின் கையெழுத்தில்

மெட்ராஸ் ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. தாத்தா பயிற்சி எடுத்ததும் அங்கேதான். உங்களிடம் இருக்கும் குரூப் போட்டோ ரங்ரூட்டுகள், அதாவது புதிதாகச் சேர்ந்தவர்கள், பயிற்சி முடித்து கசம் பரேட் என்ற உறுதிமொழி அணிவகுப்பு எடுத்த சமயத்துப் படமாக இருக்க வேண்டும். முன்வரிசையின் காலடியில் உள்ள பலகையில் பிளாட்டூன் பெயரும் மாதமும் எழுதியிருக்கிறது. அதை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

நேராகத் தகவல் உரிமைச் சட்டத்துக்குப் போக வேண்டாம். முதலில் அம்மாச்சியின் பெயரில், அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, சாதாரணக் கடிதம் எழுதுங்கள். ராணுவப் பதிவில் அவர்தான் நெக்ஸ்ட் ஆஃப் கின், அதாவது மிக நெருங்கிய உறவு. பேத்தி கேட்டால் மூன்றாம் நபர், மனைவி கேட்டால் உரியவர். தந்தி, பி.பி.ஓ. எனும் பென்ஷன் உத்தரவு, ஆதார் ஆகியவற்றின் நகலை இணைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். மூலத்தை எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள்.

என்ன கேட்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். “என் கணவரின் முழு விவரம் வேண்டும்” என்று எழுதினால் மூன்று வரிப் பதில் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஷீட் ரோல் எனும் பணி விவரத் தாள், சேர்ந்த தேதி, பட்டாலியனுக்கு அனுப்பப்பட்ட தேதி, கம்பெனி, பெற்ற பயிற்சிகள், உயிரிழப்பு அறிக்கை, வழங்கப்பட்ட பதக்கங்கள், அவர் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்கள்.

கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் எது நடந்தாலும் பட்டாலியன் அதைப் பார்ட் டூ ஆர்டராக வெளியிடும். லீவில் போனது, திரும்பியது, ஆஸ்பத்திரியில் படுத்தது, கல்யாணம், குழந்தை பிறந்தது, எல்லாமே. அந்த ஆர்டர்கள் இன்னும் இருந்தால், 1969-ல் உங்கள் அம்மா பிறந்த சேதி எத்தனை நாள் கழித்துப் பட்டாலியனில் பதிவானது என்பதும் தெரியவரும். தாத்தா எந்த லீவில் வந்து குழந்தையைப் பார்த்தார், பார்த்தாரா என்பதும்கூட. போரைப் பற்றிய புத்தகங்களில் இது கிடைக்காது.

பழைய சர்வீஸ் ஆவணங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழிக்கும் விதி ராணுவத்தில் உண்டு. “ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன” என்று பதில் வந்தால் மனம் உடைந்து நிறுத்திவிட வேண்டாம். “லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்” என்று மறுபடி எழுதுங்கள். அது ஒவ்வொருவருக்கும் ஓரிரு வரி கொண்ட பெரிய பேரேடு, மற்றவை போனாலும் அதை வைத்திருப்பார்கள். குடும்பப் பென்ஷன் ஓடிக்கொண்டிருப்பதால் உங்கள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வாய்ப்புண்டு.

தேடும்போது இன்னொரு சிக்கல். 1966-ல் சிவகங்கை மாவட்டமே கிடையாது, அது 1985-ல்தான் பிரிந்தது. மாநிலத்தின் பெயரும் தமிழ்நாடு என்று ஆனது 1969-ல். எனவே பதிவில் ராமநாதபுரம் மாவட்டம், மெட்ராஸ் மாநிலம் என்று இருக்கும். ஊர்ப் பெயரையும் ஆளின் பெயரையும் எழுதிய கிளார்க் எந்த ஊர்க்காரரோ, எப்படிக் காதில் விழுந்ததோ அப்படி எழுதியிருப்பார். பெயரை நம்பித் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். தந்தியில் இருக்கும் ஏழு இலக்க எண் 25 என்று தொடங்குகிறது. அது மெட்ராஸ் ரெஜிமெண்டின் வரிசைதான்.

பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ தகவல் உரிமை மனு. எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்றவற்றுக்கு அந்தச் சட்டத்தில் பொது விலக்கு உண்டு, ராணுவத்துக்கு இல்லை. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தனிநபர் தகவல் என்று மறுக்கப் பார்ப்பார்கள், அதனால்தான் இந்த மனுவும் அம்மாச்சி பெயரிலேயே போகட்டும் என்கிறேன். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவல், நாட்டின் பாதுகாப்பு போன்ற ஒருசில காரணங்களுக்குள் வராதவரை, தரப்பட வேண்டும் என்று சட்டத்தின் 8வது பிரிவிலேயே இருக்கிறது. அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

பட்டாலியனின் போர் நாட்குறிப்பு வேறு கதை. அது ரெக்கார்ட் ஆபீஸ் வேலை இல்லை. 25 ஆண்டுக்கு மேற்பட்ட போர்ப் பதிவுகளை ஆய்ந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021-ல் கொள்கை அறிவித்தது. அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். நடைமுறையில் மெதுவாகத்தான் நகரும். கிடைத்தாலும் அதில் தாத்தாவின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிப்பாய்கள் அதில் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். 11ஆம் தேதி பட்டாலியன் எங்கே நின்றது என்பது தெரியும், அது போதும்.

உடல் வராததற்குக் காரணம் மர்மம் அல்ல

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் இதை அம்மாச்சியிடம் எப்படிச் சொல்வது என்றும் யோசிக்க வேண்டியிருக்கும்.

1962, 1965, 1971 போர்களில் இறந்த வீரர்களின் உடலை ஊருக்கு அனுப்புவது வழக்கமில்லை. களத்துக்குப் பின்னால், ராணுவ மரியாதையுடன், அவரவர் மத வழக்கப்படி எரித்தார்கள் அல்லது புதைத்தார்கள். மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வருவது 1999 கார்கில் போரின்போதுதான் பரவலான வழக்கமாயிற்று. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியதால், “நம்ம ஆளுக்கு மட்டும் ஏன் வரவில்லை” என்று உங்கள் உறவினருக்குத் தோன்றுகிறது. அவர் காலத்தில் பொதுவாக யாருக்கும் வரவில்லை என்பதுதான் உண்மை.

1971-ல் காணாமல் போனவர்கள் விவகாரம் நிஜம்தான். பாகிஸ்தான் சிறையில் இருக்கலாம் என்று கருதப்பட்ட 54 பேரின் பட்டியல் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. 2007 ஜூனில் உறவினர்கள் 14 பேர் அங்குள்ள சிறைகளுக்கே போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆனால் அது, கண்ணால் பார்த்த சாட்சியோ உடலோ கிடைக்காமல் ‘காணவில்லை’ என்று அறிவிக்கப்பட்டவர்களின் கதை. உங்கள் தந்தி அப்படிச் சொல்லவில்லை, போரில் கொல்லப்பட்டார் என்று நேராகச் சொல்கிறது. பெட்டியும் வந்தது, பென்ஷனும் தாமதமில்லாமல் தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காணாமல் போனவர் குடும்பத்துக்கு அவ்வளவு சீக்கிரம் எதுவும் நடந்திருக்காது.

உறவினர் அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் அம்மாச்சியின் காதில் விழும்படி சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். 50 ஆண்டுக்கு மேல் தனியாக இருந்த பெண்ணிடம் “உயிரோடு இருந்திருப்பார்” என்பது ஆறுதல் ஆகாது. உயிரிழப்பு அறிக்கை கிடைத்தால் அதில் எரியூட்டிய இடமும் இருக்கலாம், அதையும் கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள். ஷகர்கர் இன்று பாகிஸ்தானின் நரோவால் மாவட்டத்தில் இருக்கிறது, அங்கே போவது நடக்காத காரியம். டெல்லி தேசியப் போர் நினைவகத்துக்குப் போகலாம். 2019-ல் திறந்த அந்த வளாகத்தின் தியாக சக்கரத்தில் சுதந்திரத்துக்குப் பின் இறந்த ஏறத்தாழ 26,000 வீரர்களின் பெயர் கிரானைட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கிளம்புவதற்கு முன் அதன் இணையதளத்தில் தாத்தாவின் பெயரைத் தேடிச் சுவர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தவறாக இருந்தால் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகத் திருத்தம் கேளுங்கள்.

வீர சக்ரா வழக்கு வேண்டாம், சேர வேண்டிய பதக்கம் வேண்டும்

மாமாவுக்கு என் பதில்: இந்த வழக்கை நான் எடுக்க மாட்டேன். சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, மனுப் போடத் தடையும் இல்லை. ஆனால் வீரப் பதக்கம் என்பது, சண்டை முடிந்த கையோடு கமாண்டிங் ஆபீசர் எழுதும் பரிந்துரை பிரிகேட், டிவிஷன் என்று மேலே ஏறிப்போய் அரசு முடிவு செய்வது. இதற்குள் நீதிமன்றங்கள் புகத் தயங்கும். அரை நூற்றாண்டு கழித்து, பரிந்துரையும் இல்லாமல், சாட்சியும் இல்லாமல் போனால் செலவுதான் மிஞ்சும். அதைவிடப் பெரிய ஆபத்து, ‘சாட்சி’ தேடும் ஆசையில் யாரோ ஒரு வயதானவரிடம் அபிடவிட் வாங்குவது. அங்கே இல்லாதவர் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டால் அது குற்றம்.

பதக்கம் இல்லாததால் தாத்தா ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாது. அந்தப் போரில் இந்தியத் தரப்பில் சுமார் 3,800 பேர் இறந்தார்கள், பரம வீர சக்ரா பெற்றவர்கள் நான்கு பேர். ஒருவர் செய்ததைப் பார்த்தவரும் உயிரோடு திரும்பி வந்து சொன்னால்தான் பரிந்துரையே எழுத முடியும்.

போரில் இருந்ததற்கான பதக்கங்கள் வேறு, அவை உரிமை. மேற்கு முனையில் 1971 டிசம்பர் 3 முதல் 17 வரை களத்தில் இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார், அதோடு சங்கிராம் மெடல். இவை வீட்டுக்கு வரவே இல்லை என்கிறீர்கள். வெலிங்டன் கடிதத்திலேயே தனிப் பத்தியாகக் கேளுங்கள். வந்தவுடன் விளிம்பைப் பாருங்கள், எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அதில் பொறித்திருக்கும். ஏஜெண்ட் சொன்ன ஐந்து பதக்கப் பட்டியலில் சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டுப் பதக்கமும் இருக்கிறது. அது 1972 ஆகஸ்ட் 15-ல் பணியில் இருந்தவர்களுக்கானது. 1971-ல் இறந்தவருக்கு அதை எங்கிருந்து வாங்கித் தருவார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஏஜெண்டும் பென்ஷனும்

40,000 ரூபாயும் கொடுக்காதீர்கள், 400 ரூபாயும் கொடுக்காதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இந்த வேலையை இலவசமாகச் செய்யும். மனு எழுதக்கூட உதவுவார்கள். முக்கியமாக, அம்மாச்சியின் அசல் பி.பி.ஓ., ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறைப் பென்ஷன் இணையதளத்தின் கடவுச்சொல், போனுக்கு வரும் ஓ.டி.பி., இந்த மூன்றும் வெளியாள் கைக்குப் போகக் கூடாது.

தகவல் கேட்டால் பென்ஷன் நிற்கும் என்பது வெறும் பயம். பென்ஷன் நிற்பது வாழ்நாள் சான்று கொடுக்காமல் விட்டால்தான்.

பென்ஷனில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. போரில் இறந்தவரின் மனைவிக்கு உரியது லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன், அதாவது கணவர் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கு முழுவதும். சாதாரணக் குடும்பப் பென்ஷன் என்றால் அதில் 30 சதவீதம், சிறப்புக் குடும்பப் பென்ஷன் என்றால் 60. பி.பி.ஓ.வில் எந்த வகை என்று எழுதியிருக்கும். வகை தவறாக ஏறியிருந்தால் அது உண்மையான வழக்கு. மாமாவின் உற்சாகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். வகை சரியாக இருந்தால் ஏஜெண்ட் சொல்லும் ‘நிலுவை’ என்று பெரிதாக எதுவும் இருக்க வாய்ப்பில்லை.

எழுதும்போது

காகிதங்களுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஆட்களைப் பிடியுங்கள். அவரோடு 1966-ல் சேர்ந்தவர்களுக்கு இன்று 77, 78 வயது. நல அலுவலகத்திலும் முன்னாள் படைவீரர் சங்கங்களிலும் கேட்டால், அதே பட்டாலியன்காரர் ஒருவர் காரைக்குடியிலோ பரமக்குடியிலோ இருக்கக்கூடும். பேசும்போது தாத்தா எப்படி இறந்தார் என்று முதலில் கேட்காதீர்கள். நீங்கள் எதிர்பார்ப்பதை அவர் சொல்லிவிடுவார், வயதானவர்களுக்குப் பேத்தியை ஏமாற்றி அனுப்ப மனம் வராது. குரூப் போட்டோவைக் கையில் கொடுத்து, இதில் யார் யாரைத் தெரிகிறது என்று கேளுங்கள். லங்கர் எனும் படைச் சாப்பாட்டுக் கூடத்தில் என்ன சாப்பாடு, சம்பளத்தை மணியார்டர் செய்ய எங்கே வரிசையில் நிற்பார்கள், லீவு கிடைத்தால் எந்த ரயில். அங்கிருந்து அவர்களாகவே டிசம்பருக்கு வருவார்கள்.

கடிதங்கள் அம்மாச்சியுடையவை. தாத்தா எழுதியதை அச்சிடும் உரிமை சட்டப்படி வாரிசுகளுக்கு, அதாவது அம்மாச்சிக்கும் உங்கள் அம்மாவுக்கும். அவர்கள் சரி என்றாலும் எல்லாவற்றையும் போட வேண்டியதில்லை. அம்மாச்சி படிக்கவே தர மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். “தாத்தா எழுதிய கடிதங்கள் அம்மாச்சியிடம் இருக்கின்றன” என்ற ஒரு வாக்கியத்தோடு புத்தகம் நகரட்டும். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ராணுவத்தில் சேர்கிறேன் என்றபோது வீட்டில் யார் தடுத்தது, கடைசி லீவு எப்போது, குழந்தையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரெக்கார்ட் ஆபீஸில் இதற்கெல்லாம் காகிதம் கிடையாது, 76 வயதுக்காரரிடம் இதை ஒத்திப்போடவும் கூடாது.

கல் நாட்டுகிற இடம் புறம்போக்கா, பள்ளி இடமா என்று பார்த்து, ஊராட்சித் தீர்மானமும் உரிய அனுமதியும் எழுத்தில் வாங்குங்கள். கல்லில் எண், சிப்பாய் என்ற ரேங்க், பெயர், பட்டாலியன், 11.12.1971, இவ்வளவு போதும். வாங்காத பதக்கம் எதையும் அதில் ஏற்ற விடாதீர்கள்.

வெலிங்டன் கடிதத்தின் வரைவை இத்துடன் தனியே உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பட்டாலியன் எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன், உறைகளைப் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். அம்மாச்சியின் கைநாட்டாக இருந்தால் கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். அதில் ஒன்றை மாமாவே போடட்டும்.